முள் முதலா, பெட்டி முதலா: இசைத்தட்டு கேட்பவரின் படிநிலைகள்

கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் இசைத்தட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எதை முதலில் மாற்றுவது? முள்ளையா, தட்டு சுழலும் டர்ன்டேபிளையா, ஆம்ப்ளிஃபயரையா, ஸ்பீக்கரையா? பார்த்தால் இது ஒரு தொழில்நுட்பக் கேள்வி. யாராவது பொறியாளர் அளந்து சொல்லிவிட்டால் தீர்ந்துபோகும் என்று தோன்றும். அளந்தும் சொல்லிவிட்டார்கள். தீர்ந்தபாடில்லை. ஏறத்தாழ நூறு வருஷமாக இந்தக் கேள்விக்கு வந்த பதில்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புலப்படுகிறது. பதில் மாறிய ஒவ்வொரு தடவையும் கேட்கிற இடம் மாறியிருக்கிறது, விற்கிற ஆள் மாறியிருக்கிறான், யாருக்குக் 'கேட்கத் தெரியும்' என்கிற தீர்ப்பை வழங்கும் அதிகாரம் கைமாறியிருக்கிறது.

இதற்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று முகம் சுளிக்கும் தோழர்கள் இருக்கலாம். வாசிப்பு என்பது அப்பாவிச் செயல் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. கேட்பது மட்டும் அப்பாவிச் செயலா என்ன?

லண்டனிலிருந்து தொடங்கலாம். 1923இல் நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்ஸி 'தி கிராமபோன்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். மின்சாரம் இசைத்தட்டுக்குள் இன்னும் நுழையாத காலம். முள், அதன் தலையிலுள்ள சவ்வுப்பெட்டி, அதற்குப் பின்னால் குழல், இவ்வளவுதான் கருவி. ஆனாலும் சண்டைக்குக் குறைவில்லை. ஒரு பக்கம் எஃகு ஊசிக்காரர்கள். ஒரு முகம் ஓடி முடிந்ததும் ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டு டப்பாவிலிருந்து புதுசை எடுத்து மாட்டவேண்டும். மறுபக்கம் மூங்கில் நார் ஊசி, மர முள் என்று தேடிப் போனவர்கள். இவர்கள் ஊசியைத் தனிக் கத்திரியால் நறுக்கிக் கூராக்கி, தட்டுக்கு நோகாமல் வைப்பார்கள். சத்தம் குறைவு, நயம் அதிகம் என்பது இவர்கள் கட்சி. எஃகு ஊசியின் உரத்த குரல் இவர்கள் காதுக்குக் கொச்சை. இவர்களுக்காகவே லண்டனில் ஈ.எம்.ஜி. என்ற சிறு நிறுவனம் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, ஆளையே விழுங்குகிற மாதிரி பெரிய குழல்களைக் கையால் செய்து கொடுத்தது. முள் முதலா, குழல் முதலா என்ற தகராறு அப்போதே வந்துவிட்டது. 'மெதுவாகக் கேட்பவன் மேலானவன்' என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. பிந்திய சண்டைகள் பலவற்றிலும் அதன் வாடை அடிக்கும்.

1948 ஜூனில் கொலம்பியா கம்பெனி 33⅓ வேகத்தில் சுழலும் எல்.பி.யை வெளியிட்டது. 1954இல் அமெரிக்கத் தட்டுக் கம்பெனிகள் எல்லாம் ஒரே சமன்பாட்டு அளவுக்கு வந்தன. 1958 வாக்கில் ஸ்டீரியோ கடைக்கு வந்தது. இந்தப் பத்து வருஷத்தில் நடந்த பெரிய மாற்றம், கருவி துண்டு துண்டாகப் பிரிந்தது. அதுவரை ரேடியோகிராம் என்பது கூடத்தில் நிற்கும் ஒரே மரப்பெட்டி. ஹை-ஃபை வந்ததும் டர்ன்டேபிள் தனி, ஆம்ப்ளிஃபயர் தனி, ஸ்பீக்கர் தனி என்றாயிற்று. பிரித்தால்தானே ஒன்றை மட்டும் மாற்ற முடியும்? ஒன்றை மட்டும் மாற்ற முடிந்தால்தானே எது மேல், எது கீழ் என்று பேச முடியும்? படிநிலை என்பது இந்தப் பிரிப்பில் பிறந்த குழந்தை.

பிரித்தவர்கள் ஆண்கள் என்பதையும் சொல்லவேண்டும். கனடாவின் கீர் கைட்லி 1996இல் எழுதிய கட்டுரை ஒன்று, 1948க்கும் 1959க்கும் இடைப்பட்ட அமெரிக்கப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு, ஹை-ஃபை என்பது வீட்டுக்குள் ஆண் தனக்கென்று பிடித்துக்கொண்ட நிலப்பரப்பு என்று காட்டுகிறது. மனைவி அந்தச் சொல்லாடலில் சத்தத்தைக் குறைக்கச் சொல்பவளாக மட்டுமே வருகிறாள். அவளுக்கும் காது இருக்கிறது, அவள் சொல்வதும் ஒரு கேட்டல் அனுபவம்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிற்பாடு எந்த ஸ்பீக்கர் 'மனைவி ஒப்புக்கொள்ளக்கூடியது' என்று கேலியாக மதிப்பெண் போடும் வழக்கமும் இந்த வட்டாரங்களில் வந்தது. இன்றைக்கும் ஒழியவில்லை.

சரி, அளந்தவர்கள் என்ன சொன்னார்கள்? 1945இல் லண்டனில் ஹெரால்ட் லீக் 'பாயின்ட் ஒன்' ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தார். ஒலிச்சிதைவு 0.1 சதவீதம் என்பதைப் பெயரிலேயே வைத்தார். அதாவது, நடுவிலிருக்கும் மின்வேலை அப்போதே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தீராதது இரண்டு முனைகள். ஒரு முனையில் முள்ளின் அசைவு மின்சாரமாகிறது. மறு முனையில் மின்சாரம் ஸ்பீக்கர் கூம்பின் அசைவாகிறது. இந்த இரண்டிலும் சிதைவு சதவீதக் கணக்கில் வரும். ஆம்ப்ளிஃபயரில் தசமப் புள்ளிக்குப் பின்னால்தான் தேட வேண்டும். 1978இல் குவாட் நிறுவனத்தின் மூன்று தலைமுறை ஆம்ப்ளிஃபயர்களை (1953இன் வால்வு, 1967இன் டிரான்சிஸ்டர், 1975இன் 405) எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்பவர்கள் முன் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும் தங்கள் சரக்கு, புதுசைத்தான் விற்றாக வேண்டும். இருந்தும் இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொண்ட குவாட்டின் பீட்டர் வாக்கரை எனக்குப் பிடிக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தவர் எட்கர் வில்ச்சூர். 1954இல் அமெரிக்காவில், மூடிய சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வைத்து, அதுவரை அலமாரி அளவு பெட்டியில்தான் வரும் என்றிருந்த அடித்தொனியைப் புத்தக அடுக்கில் வைக்கிற ஸ்பீக்கரில் கொண்டுவந்தார். அவருடைய ஏ.ஆர். நிறுவனம் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு கூடம் வைத்திருந்தது. ரயிலுக்குக் காத்திருக்கிற யாரும் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கலாம். அங்கே எதையும் விற்கமாட்டார்கள். விற்பனையாளனின் குரல் இல்லாத இடத்தில் கேட்பது! இன்னொன்றும் செய்தார்கள். நால்வர் வாத்தியக் குழுவை மேடையேற்றி, அவர்கள் வாசிக்கும்போதே இடையில் ஒலிப்பதிவுக்கு மாற்றி, எது உயிர் எது பதிவு என்று சபையையே சொல்லச் சொன்னார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் கூட்டத்தின் கையில் இருந்தது.

வில்ச்சூரின் கணக்கில் காசு போகவேண்டிய இடம் ஸ்பீக்கர். டர்ன்டேபிளின் கடமை சீரான வேகத்தில், உறுமாமல் சுழல்வது. அதை மலிவாகவே செய்யலாம் என்று 1961இல் செய்தும் காட்டினார். தட்டு சுழலும் தளத்தையும் முள்ளின் கையையும் ஒரே உள்சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, ரப்பர் பெல்ட்டால் சுழலவைத்தார். நூறு டாலருக்கும் கீழே. தரையில் குதித்தாலும் முள் தாண்டாது.

இந்தத் தொங்குசட்டத்தை வைத்துத்தான் பத்தே வருஷத்தில் அவர் சொன்னதைத் தலைகீழாக்கினார்கள் என்பது வரலாற்றின் குசும்பு.

கிளாஸ்கோவின் தெற்கே காசில்மில்க். போருக்குப் பின் நெரிசல் குடியிருப்புகளிலிருந்து பெயர்க்கப்பட்ட தொழிலாளர் குடும்பங்களுக்காக நகரசபை கட்டிய பெரும் குடியிருப்பு. அங்கே அப்பா நடத்திய நுண்பொறியியல் பட்டறையின் துணையோடு ஐவர் டீஃபன்ப்ரூன் என்ற இளைஞர் 1972-73இல் 'லின் சான்டெக் எல்.பி.12' டர்ன்டேபிளைக் கொண்டுவருகிறார். அதே உள்சட்டம், அதே பெல்ட். ஆனால் அச்சும் தாங்கியும் பட்டறைக்காரர்களின் நுட்பத்தோடு கடையப்பட்டவை. விலையும் அதற்குத் தக்கபடி. விற்பதற்கு அவர் வைத்த வாதம் ரொம்ப எளிது: தட்டிலிருந்து முள் எடுக்காமல் விட்டதைப் பின்னால் வரும் எந்தக் கருவியும் திருப்பித் தர முடியாது. ஆகவே மூலமே முதல். முதலில் டர்ன்டேபிள், பிறகு அதன் கை, பிறகு முள், கடைசியில் ஸ்பீக்கர்.

தர்க்கத்தில் ஓட்டை இல்லாத மாதிரிதான் தெரியும். இழந்தது திரும்பாது என்பது உண்மை. ஆனால் இழப்பு எங்கே எவ்வளவு என்ற கேள்வியை அது சத்தமில்லாமல் தாண்டிப்போகிறது. ஊற்று தெளிவாக இருந்தால் போதும், வாய்க்கால் எப்படி இருந்தாலும் வயலுக்குத் தண்ணீர் தெளிவாகப் போய்விடும் என்பது மாதிரி. நல்ல டர்ன்டேபிளில் ஏற்படும் இழப்பு கொஞ்சம், சுமாரான ஸ்பீக்கரில் ஏற்படும் இழப்பு மலையளவு. 'முதலில் வருவது' என்பதை 'முக்கியமானது' என்று படிக்க வைத்ததில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

கேட்கும் முறையையும் சேர்த்தே மாற்றினார்கள். கடையில் ஓடாத வேறு ஸ்பீக்கர்கள் இருந்தால் அவற்றின் கூம்புகள் கூடவே அதிர்ந்து கெடுக்கும் என்று ஒரே ஒரு ஜோடியை மட்டும் அறையில் வைத்தார்கள். அதில் விஷயம் இல்லாமலில்லை. ஆனால் இரண்டு ஸ்பீக்கரை உடனுக்குடன் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் அதோடு போயிற்று. மெட்டை எளிதாக மனசுக்குள் முணுமுணுக்க முடிகிறதா, அதுதான் அளவுகோல் என்றார்கள். பட்டம் படித்த பொறியாளன் வேண்டாம், மீட்டர் வேண்டாம், உன் காதே போதும் என்கிற இந்தப் பேச்சில் ஒரு ஜனநாயகக் கவர்ச்சி உண்டு, மறுப்பதற்கில்லை. பிரிட்டனில் பல இளைஞர்கள் சம்பளத்தை மிச்சம் பிடித்து எல்.பி.12 வாங்கியதற்கு இதுவும் காரணம். ஆனால் அந்தக் காது கடைக்காரரின் அறையில், கடைக்காரர் தேர்ந்த தட்டில், எந்தக் கருவி ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே தீர்ப்பு சொல்லவேண்டும். கண்ணை மறைத்த சோதனைக்கு இந்த முகாமில் வரவேற்பு இல்லை. டீஃபன்ப்ரூனே ஒருமுறை கனடாவில் அப்படியொரு சோதனையில் உட்கார்ந்தார். இசைத்தட்டின் ஒலிக்கு நடுவே டிஜிட்டல் கருவி ஒன்று செருகப்பட்டிருக்கிறதா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை என்பது 1984இல் பாஸ்டன் ஆடியோ சொசைட்டியின் இதழில் பதிவாகியிருக்கிறது.

அடுத்து வந்தது ஏணி. எல்.பி.12ஐத் தூக்கி எறிய வேண்டியதில்லை, உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 1982இல் வல்ஹல்லா என்ற மின்பலகை. 1990இல் லிங்கோ. 1993இல் சிர்க்கஸ் என்ற புதுத் தாங்கி. 2007இல் கீல், 2009இல் ராடிக்கல். நியாயமாகப் பார்த்தால் இது நல்ல காரியம். ஐம்பது வருஷம் உதிரிபாகம் கிடைக்கிற கருவி வேறு எது இருக்கிறது? ஆனால் ஒவ்வொரு படி வந்ததும் அதற்கு முந்தைய படியில் நிற்பவனுக்கு, நேற்றுவரை நிறைவாகக் கேட்ட தட்டில் ஏதோ குறைவது போல ஆகிவிடுகிறது. அடோர்னோ 1938இல், இசையின் இடத்தில் பண்டம் வந்து உட்கார்வதைப் பற்றியும் கேட்டல் பின்னோக்கிப் போவதைப் பற்றியும் எழுதினார். ஜாஸ் பற்றிய அவருடைய மேட்டிமைத்தனத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் பண்ட மாய்கை காதுக்குள்ளேயே குடியேறும் என்று அவர் கண்டதற்கு இந்த ஏணியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 2023இல் ஐம்பதாண்டு நிறைவுக்கு 250 கருவிகள் மட்டும் செய்தார்கள். ஒன்று 50,000 பவுண்டு.

இதே காலத்தில் இதே டர்ன்டேபிள், இதே ஸ்பீக்கர், வேறு கைகளில் என்னவாக இருந்தது என்று பார்க்காவிட்டால் நாமும் லண்டன் பத்திரிகைக்காரர்களின் வரலாற்றையே எழுதியவர்களாவோம். ஜமைக்காவின் கிங்ஸ்டன். ஐம்பதுகளிலிருந்தே ஏழைக் குடியிருப்புகளின் திறந்த வெளியில், அலமாரி போன்ற பெட்டிகளை அடுக்கி நடனம் நடத்தும் சவுண்ட் சிஸ்டம்கள். இங்கே தகராறே கிடையாது: பெட்டி முதல், ஆம்ப்ளிஃபயர் இரண்டாவது. அடித்தொனி நெஞ்சில் இடிக்கவேண்டும், அடுத்த தெருக்காரன் கூட்டம் இங்கே வரவேண்டும். ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்போர்ன் ரடக் (கிங் டப்பி என்றால்தான் தெரியும்) தன் ஆம்ப்ளிஃபயர்களைத் தானே கட்டினார். இவர்களுக்கும் 'மூலம்' உயிர்தான். ஆனால் மூலம் என்றால் கருவி இல்லை, தட்டு. அமெரிக்காவிலிருந்து அபூர்வமான தட்டைத் தேடிக் கொண்டுவந்து, போட்டிக்காரனுக்குப் பெயர் தெரியாதபடி நடுவிலுள்ள லேபிளைச் சுரண்டிவிடுவார்கள்.

கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் நியூயார்க்கின் பிராங்ஸுக்குப் போன பையன் ஒருவன், 1973 ஆகஸ்ட் 11 அன்று, தங்கைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது புதுத்துணி வாங்கக் காசு சேர்க்கவென்று அவள் ஏற்பாடு செய்த விருந்தில் தட்டுப் போட்டான். டி.ஜே. கூல் ஹெர்க். ஹிப்-ஹாப் வரலாறு அங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. அதே வட்டாரத்தின் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுக்கும்போது ரப்பர் விரிப்பு பிடித்துக்கொள்கிறது என்று, தையல் தெரிந்த தன் அம்மாவின் துணையோடு கம்பளித் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு விறைப்பாக்கித் தட்டுக்கடியில் போட்டார். செலவு ஒன்றுமில்லை. இசையையே மாற்றிய 'அப்கிரேடு' அது. ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 (1972, பிறகு 1979இல் திருத்தப்பட்ட இரண்டாம் வடிவம்) இந்தக் கைகளில்தான் வாத்தியமாயிற்று. மோட்டாரே நேரடியாகச் சுழற்றும் அந்தக் கருவியை, 'மூலமே முதல்' பேசிய பிரிட்டிஷ் பத்திரிகைகள் உயிரில்லாதது என்று தள்ளிவைத்தன. 2010இல் உற்பத்தி நின்றது. 2016இல் கம்பெனி அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது யாருக்கு விற்றது தெரியுமா? ஹை-ஃபைக்காரர்களுக்கு, பல மடங்கு விலையில்.

நம்மூர் மைக்செட் அண்ணன்மார்களையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் பனைமரத்தில் கட்டிய குழாயில் அடித்தொனி என்று ஒன்று வரவே வராது. ஆனால் மூணு ஊருக்குக் கேட்கும். அந்தக் குழாய் எந்தத் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்பதற்காக அடிதடி நடந்த ஊர்கள் உண்டு. ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதன் அரசியலை நமக்கு யாரும் லண்டனிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

சென்னையில் சென்ட்ரல் பக்கம் பழைய தட்டுக் கடைகளைத் துழாவும் இளைஞர்கள் சிலர் இப்போதும் என்னிடம் வந்து, "இருபதாயிரம் இருக்குண்ணே, எதை மாத்தலாம்?" என்கிறார்கள். தத்துவம் பேசி அவர்களை ஏமாற்றக்கூடாது. என் வரிசையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் காசில்லாத வேலை. தட்டைக் கழுவு. முள் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார். வைரமுள்தான் என்றாலும் 500இலிருந்து 1000 மணிக்குள் தேய்ந்துவிடும். தேய்ந்த முள் கேட்பதைக் கெடுப்பதோடு தட்டையும் அறுக்கும். பிறகு முள் சரியான கோணத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார். தட்டை வெட்டிய கருவி நேர்கோட்டில் நகர்ந்தது, நம் டர்ன்டேபிளின் கையோ வில்லாக வளைந்து போகிறது. இந்த வித்தியாசத்தைக் குறைக்கும் கணக்கை லோஃப்க்ரென் 1938லும் பேர்வால்ட் 1941லும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒரு காகித அளவுகோலும் திருப்புளியும் அரை மணி நேரமும் போதும். முள் அழுத்தம் பெரும்பாலான சாதாரண கார்ட்ரிட்ஜ்களுக்கு 1.5இலிருந்து 2 கிராம். அதற்குக் குட்டித் தராசு இருக்கிறது. இதெல்லாம் விளம்பரத்தில் ஏன் வருவதில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து முள்ளின் வடிவம். எல்.பி.யின் வெளி ஓரத்தில் முள்ளுக்கடியில் தடம் வினாடிக்கு சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. உள் ஓரத்துக்கு வரும்போது அது 21 செ.மீ.தான். 10,000 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளம் என்றால், உள்ளே 21 மைக்ரான். மலிவான உருண்டை முள்ளின் நுனி 18 மைக்ரான் ஆரம், அதாவது 36 மைக்ரான் அகலம். 21க்குள் 36 எப்படி இறங்கும்? தட்டின் கடைசிப் பாட்டு எப்போதும் கரகரப்பதற்கு இதுதான் பெரிய காரணம். பாடகர் மேல் தப்பில்லை. நீள்வட்ட முள்ளின் பக்கவாட்டு ஆரம் இதில் பாதிக்கும் குறைவு. பல கார்ட்ரிட்ஜ்களில் முள்ளை மட்டும் கழற்றி மாற்றலாம். டர்ன்டேபிளை அப்படியே விட்டுவிட்டு இதை மாற்று. சூட்கேஸ் போல வரும், 5 கிராம் அழுத்தி உழும் பிளேயராக இருந்தால் மட்டும் முதலில் அதை விற்றுவிடு.

மிச்சக் காசு முழுக்க ஸ்பீக்கருக்கு. அதிலும் வாங்குவதற்கு முன் இருப்பதை நகர்த்திப் பார். சுவரை ஒட்டி, மூலையில் திணித்து வைத்தால் அடித்தொனி வீங்கிப் போகும். ஒரு முழம் முன்னால் இழுத்தாலே வேறு ஸ்பீக்கர். இங்கேதான் தொழில்நுட்பம் முடிந்து வர்க்கம் ஆரம்பிக்கிறது. ஒரு முழம் முன்னால் இழுக்க அறை வேண்டுமே. பத்துக்குப் பத்து வாடகை அறையில், அதிலேயே நாலு பேர் படுத்து, சுவருக்கு அந்தப்பக்கம் வீட்டுக்காரர் இருமுகிற இடத்தில், எந்த ஸ்பீக்கரும் தன் குணத்தைக் காட்டாது. ஹை-ஃபை பத்திரிகைகளின் படங்களில் வரும், நடுவில் ஒற்றை நாற்காலி போட்ட அறைதான் உண்மையில் ஆக விலையுயர்ந்த கருவி. அதை யாரும் உதிரிபாகப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஒயர் மாற்றினால் மேடை விரியும் என்பவர்களிடம் நான் வாதம் செய்வதை விட்டுப் பல காலமாயிற்று.

காதின் அதிகாரம் எங்கே போய் நின்றது என்பதற்கு 2022இல் ஒரு நிகழ்ச்சி. மொபைல் ஃபிடிலிட்டி என்ற அமெரிக்கக் கம்பெனி மூல டேப்பிலிருந்து வெட்டப்பட்ட மறுபதிப்புகளை அதிக விலைக்கு விற்று வந்தது. வாங்கியவர்கள், நடுவே டிஜிட்டல் தீண்டாதது என்று நம்பி வாங்கினார்கள். தீண்டாதது! வார்த்தையைப் பாருங்கள். 2011 முதலே அவற்றில் பலவற்றுக்கு டிஜிட்டல் பிரதிதான் நடுவில் இருந்தது என்பது, அரிசோனாவில் தட்டுக்கடை நடத்தும் ஒருவர் கேள்விப்பட்டதைச் சொல்லி, கம்பெனிப் பொறியாளர்கள் அவரிடம் ஒத்துக்கொண்ட பிறகே வெளியே வந்தது. பல்லாயிரம் டாலர் கருவிகளில் பத்து வருஷமாக அதே தட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. மெச்சியும் எழுதியிருந்தார்கள். இரகசியம் வெளியே வந்தது வாய் வழியாக. வழக்கு வந்து, சமரசத்தில் முடிந்தது.

வில்ச்சூர் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. 1967இல் அவர் ஏ.ஆர். நிறுவனத்தை விற்றுவிட்டு, நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டு, காது மந்தமானவர்களின் பக்கம் திரும்பினார். எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும் காதுக்கருவி அவர்களுக்கு உதவவில்லை. மெல்லியது கேட்காது, உரத்தது வலிக்கும். ஒலியை வெவ்வேறு அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கேட்பவரின் குறைக்கேற்பத் தனித்தனியே அமுக்கிப் பெருக்கும் முறையை 1973இல் வெளியிட்டார். காப்புரிமை எடுத்துக்கொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இன்று காதுக்கருவிகளில் பரவலாக இருப்பது அந்த முறைதான். 2011இல் வுட்ஸ்டாக்கில் இறந்தார்.